கல்யாண ஏற்பாட்டுத் தொழிலில் நம் சகோதரிகள்: வகீலா, ஒப்பந்தக்காரரா?



நம் மஹல்லாவில் நடக்கும் நிகாஹ்களில் சில வருடங்களாக ஒரு மாற்றத்தைப் பார்க்கிறோம். முன்பெல்லாம் மருதாணி வைக்க மட்டும் வந்துகொண்டிருந்த பெண்கள், பிறகு மணப்பெண் அலங்காரத்துக்கு வந்தார்கள். அடுத்து மேடைப் பூ அலங்காரத்தைக் கையில் எடுத்தார்கள். இன்று மண்டபம் பேசுவதில் தொடங்கி, கடைசி தேக்சாவைக் கழுவி வாடகைக் கடைக்குத் திருப்பி அனுப்புவது வரை முழு வேலையையும் பொறுப்பேற்றுச் செய்யும் சகோதரிகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ‘ஈவென்ட் மேனேஜ்மென்ட்’ என்று கார்டு அடித்துக் கொடுக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இதையொட்டிச் சமீபத்தில் மூன்று வழக்குகள் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தன. சோறு வேகவில்லை, மேடை சரியில்லை என்ற புகார் மூன்றிலும் கிடையாது. மூன்றுமே பணத்தைப் பற்றியவை: கமிஷன் யாருக்குச் சேர வேண்டும், அட்வான்ஸ் திரும்பி வருமா, பாக்கியை யாரிடம் கேட்பது. மூன்றிலும் எழுத்து எதுவும் இல்லை. இரு தரப்பும் நல்லவர்கள்தாம். பேசாமல் விட்டதுதான் சண்டையாக முளைத்திருந்தது. ஆகவே இந்த இதழில் இந்தத் தொழிலின் கொடுக்கல் வாங்கலை மார்க்கத்தின் வெளிச்சத்தில் கொஞ்சம் விரிவாகப் படிப்போம்.

அதற்கு முன், “பெண் பிள்ளைக்கு இந்தத் தொழில் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண வேலையைப் பெண்கள் எடுத்து நடத்துவது நம் காலத்தில் முளைத்த புதுமை அன்று. கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களுக்கும் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுக்கும் திருமணம் நடந்தபோது, மணப்பெண்ணைத் தயார் செய்தவர் அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி). பயணத்தின் நடுவே நடந்த அந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பை விரித்து, பேரீச்சம்பழம், உலர்ந்த தயிர்க்கட்டி, நெய் ஆகியவற்றை வைத்து விருந்தை முடித்தார்கள். அபூ உஸைத் (ரலி) அவர்களின் திருமணத்தில் புது மணப்பெண்ணே விருந்தினருக்குத் தயார் செய்தார். முந்திய இரவே கல் பாத்திரத்தில் பேரீச்சம்பழத்தை ஊறப்போட்டு, நபியவர்கள் உணவருந்தி முடித்ததும் அதைப் பருகக் கொடுத்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை அன்ஸாரி ஒருவரின் வீட்டுக்கு மணப்பெண்ணாக அனுப்பிவைத்தபோது, அன்ஸாரிகளுக்குப் பிடித்தமான மகிழ்ச்சி நிகழ்ச்சி ஏதும் இல்லையா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இவையெல்லாம் புகாரியில் இடம்பெற்ற செய்திகள்.

வியாபாரத்தை எடுத்துக்கொண்டால் அன்னை கதீஜா (ரலி) அவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்களை ‘செல்வந்தர்’ என்ற ஒரே சொல்லோடு நம் மேடைகளில் கடந்துபோகிறோம். அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். தம் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுபோக நம்பிக்கையான ஆளைத் தேடினார்கள். முஹம்மத் (ஸல்) அவர்களின் நாணயத்தைக் கேள்விப்பட்டு அழைத்தார்கள். கூலியைப் பேசினார்கள். கூடவே மைஸரா என்ற பணியாளரையும் அனுப்பி, பயணத்தில் நடந்ததை அவரிடமிருந்து கேட்டு அறிந்தார்கள். மத்யன் நகரத்துப் பெரியவரின் மகளும் இப்படித்தான். மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தச் சொல்லித் தம் தகப்பனாருக்கு யோசனை கூறியபோது, வேலைக்கு வைப்பவரிடம் பார்க்க வேண்டியவை வலிமையும் நம்பகமும் என்று காரணத்தையும் சேர்த்தே சொன்னார் (அல்குர்ஆன் 28:26). ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோல் குர்ஆனில் ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே வந்திருக்கிறது.

நம் கல்யாணங்களில் இன்னொரு தேவையும் இருக்கிறது. பெண்கள் பகுதிக்குள் ஆண் மேலாளர் போக முடியாது, போகவும் கூடாது. அங்கே பந்தி எப்போது விடுகிறார்கள், குழந்தைக்காரர்களுக்கு இடம் இருக்கிறதா, தண்ணீர் தீர்ந்துவிட்டதா, யாரோ ஒரு பையன் செல்போனில் படம் எடுக்கிறானா என்பதையெல்லாம் பார்த்து உடனே முடிவெடுக்க ஒரு பெண் பொறுப்பாளர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத மண்டபங்களில் என்ன நடக்கிறது என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஆண்கள் பக்கம் மூன்றாம் பந்தி முடிந்திருக்கும், பெண்கள் பக்கம் முதல் பந்திக்கே தாலிச்சா வந்து சேர்ந்திருக்காது. கணவர் அல்லது தகப்பனாரின் சம்மதத்தோடு, பர்தா பேணி, இரவு வேலைக்கு வீட்டார் துணையோடு வந்து இதைச் செய்யும் பெண் சமுதாயத்துக்குத் தேவையான ஒரு பணியைச் செய்கிறார் என்பதே நம் கருத்து.

இனி கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம்.

கல்யாண ஏற்பாட்டாளர் இரண்டு விதமாக வேலை செய்யலாம். ஒன்று, வகீலாக. நிகாஹ் மஜ்லிஸில் பெண்ணிடம் சம்மதம் கேட்டு வரும் வகீலை நம் எல்லோருக்கும் தெரியும். அவர் பெண்ணுக்காகப் பேசுகிறார், தமக்காக அல்ல. அதே போல, கல்யாண வீட்டாரின் பணத்தை வாங்கி, அவர்களுக்காகப் பூக்காரர், பந்தல்காரர், பண்டாரி ஆகியோரிடம் பேசி முடித்து, தம் உழைப்புக்கு ஒரு கூலியைப் பெற்றுக்கொள்பவர் வகீல். மற்றொன்று, மொத்தக் காண்ட்ராக்ட். “600 பேருக்குச் சாப்பாடு, மேடை, பந்தல், வேன், பரிமாறல் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம்” என்று விலை சொல்லி, முழுவதையும் தம் பொறுப்பில் செய்து கொடுப்பவர் ஒப்பந்தக்காரர்.

இரண்டும் ஹலால். இரண்டிலும் நல்ல வருமானம் உண்டு. ஆனால் சட்டம் வேறு வேறு. நம்மிடம் வந்த முதல் வழக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் வந்ததுதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். மேடை அலங்காரக்காரர் வெளியாருக்கு 60,000 ரூபாய் கேட்பார். அடிக்கடி வேலை கொடுக்கும் சகோதரிக்கு 50,000-க்குச் செய்து தருவார். அந்த 10,000 யாருடையது? சகோதரி வகீலாக இருந்தால், அது கல்யாண வீட்டாருடையது. பில் 50,000-க்குத்தான் வர வேண்டும். 60,000 என்று எழுதி வாங்கிக்கொண்டால் அது மோசடி. கூலியாக 35,000 பேசியிருந்தால் அந்த 35,000 மட்டுமே அவருக்கு ஹலால். உர்வா அல் பாரிகீ (ரலி) அவர்களின் செய்தி இதற்கு நல்ல பாடம். ஆடு வாங்கி வருமாறு நபி (ஸல்) அவர்கள் அவரிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் சாமர்த்தியமாகப் பேசி அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஒரு ஆட்டையும் ஒரு தீனாரையும் நபியவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். தம் திறமையால் கிடைத்ததாயிற்றே என்று அந்தத் தீனாரை மடியில் முடிந்துகொள்ளவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரகத் கிடைக்க நபியவர்கள் துஆ செய்தார்கள். அதன்பின் அவர் தொட்டதெல்லாம் இலாபமாயிற்று என்று புகாரியில் காண்கிறோம்.

அதே சகோதரி ஒப்பந்தக்காரராக இருந்தால் அந்த 10,000 அவருடைய இலாபம். யாரும் கேள்வி கேட்க முடியாது. பூக்காரரிடம் என்ன விலைக்குப் பேசினீர்கள் என்று சம்பந்தி வீட்டார் துருவுவதும் முறையல்ல. ஆனால் நஷ்டமும் அவருடையதுதான். 80 கிலோ கறிக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், கல்யாண வாரத்தில் கிலோவுக்கு 60 ரூபாய் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4,800 ரூபாயைக் கல்யாண வீட்டாரிடம் போய்க் கேட்க முடியாது. இலாபம் வரும்போது ஒப்பந்தக்காரர், விலை ஏறும்போது வகீல் என்று இரண்டு தோணியில் கால் வைப்பதைத்தான் மார்க்கம் ஏற்காது. சில சகோதரிகள் தெரியாமலேயே அப்படிச் செய்துவிடுகிறார்கள்.

வகீலாக வேலை செய்பவர் கூலியை எப்படிப் பேசுவது? ‘மொத்தச் செலவில் பத்து சதவீதம்’ என்று பேசும் பழக்கம் நகரங்களில் இருக்கிறது. நமக்கு அது பிடிக்கவில்லை. கூலி இன்னதென்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்களின் பொதுவான விதி. செலவே முடிவாகாதபோது அதில் சதவீதம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. செலவு ஏற ஏறக் கூலியும் ஏறும் என்றால், “இந்த இரண்டாவது மேடை வேண்டாம் மாமி, பணத்தை மிச்சப்படுத்துங்க” என்று சொல்ல அந்தச் சகோதரிக்கு மனம் வருமா? ஒரே தொகையாகப் பேசிவிட்டால் தைரியமாகச் சொல்லலாம். மகளின் கல்யாணத்துக்காக வீட்டை அடமானம் வைத்துவிட்டு நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம் ஓர் ஆட்டையேனும் கொண்டு வலீமா கொடுக்கச் சொன்னார்கள் நபியவர்கள். அதை நினைவூட்ட மேடையில் ஹஜ்ரத் இருக்கிறார். ஆனால் ஹஜ்ரத் பயான் செய்யும்போது பில் எல்லாம் முடிந்திருக்கும். பில் போடும் முன் வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் இந்தச் சகோதரிதான்.

அடுத்தது அட்வான்ஸ். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது தேதி குறித்த கல்யாணங்கள் பல நின்றுபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். கொடுத்த முன்பணம் என்ன ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. ‘கேன்சல் செய்தால் அட்வான்ஸ் கிடையாது’ என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பேரம் முறிந்தால் முன்பணத்தை அப்படியே வைத்துக்கொள்வதை ஹனஃபி, ஷாஃபியீ, மாலிகி மத்ஹபுகளின் அறிஞர்கள் கூடாது என்கிறார்கள். ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. நம் பகுதியில் இருப்பவர்கள் ஹனஃபியும் ஷாஃபியீயும்தான். ஆகவே நாம் சொல்லும் வழி இது: கல்யாணம் நின்றுபோனால், அதுவரை செய்த வேலைக்கான கூலியும், திரும்பப் பெற முடியாதபடி பிறருக்குக் கொடுத்துவிட்ட தொகையும் கழித்து, மீதியைத் திருப்பித் தர வேண்டும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு கூலி என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். மேலும் ஒரு சந்தேகம் வந்தால் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வகீலின் கையில் இருக்கும் அட்வான்ஸ் அமானிதம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு வீட்டார் கொடுத்த பணத்தை எடுத்து, போன மாதக் கல்யாணத்தின் வாடகைப் பாக்கியைக் கட்டுவது இந்தத் தொழிலில் சகஜமாக இருக்கிறது. அடுத்த அட்வான்ஸ் வரும்வரை வண்டி ஓடும். ஒரு மாதம் கல்யாணம் இல்லாமல் போனால் நின்றுவிடும். ரமலானில் நம்மவர் வீடுகளில் கல்யாணமே அபூர்வம் என்பதை நினைவில் வையுங்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மூன்று லட்சம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு மூன்று லட்சம் சம்பாதித்ததாக வீட்டில் நினைத்தால், அதிலிருந்து ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டச் சொல்லி ஒருவர் வருவார். நம்முடையது அதில் 35,000 மட்டும் என்று நோட்டைக் காட்டிச் சொல்ல முடிய வேண்டும். ஜகாத்துக்கும் இந்த நோட்டு உதவும். அமானிதப் பணத்துக்கு வகீல் ஜகாத் கொடுக்க வேண்டியதில்லை. வாடகைக்கு விடும் தேக்சா, நாற்காலி, மேடைச் சட்டங்களின் மதிப்புக்கும் ஜகாத் இல்லை. சேர்ந்த சொந்தப் பணம் நிஸாபை அடைந்து ஒரு வருடம் ஆனால் இரண்டரை சதவீதம்.

இப்போது, நம்மை மிகவும் வருத்திய விஷயம். ஒரு சகோதரி முழுக் கல்யாணத்தையும் எடுத்து நடத்தியிருக்கிறார். பேசும்போது “நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி” என்றவர்கள், முடிந்தபின் பாக்கி 40,000 ரூபாய்க்கு அவரோடு பேசவே இல்லை. அவருடைய கணவருக்குப் போன் போட்டு, “தம்பி, செலவு கூடிப்போச்சு, ஒரு இருபதாயிரத்தக் கொறச்சுக்கப்பா” என்றார்களாம். கணவரும் பெரியவர் கேட்கிறாரே என்று “சரி காக்கா” என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் தூங்காமல் நின்றவருக்குக் கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. பரிமாறிய பிள்ளைகளுக்கும் பாத்திரம் கழுவிய இரண்டு அம்மாக்களுக்கும் கூலியைத் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்திருக்கிறார். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற போதனையை அவர் நிறைவேற்றினார். அவர் விஷயத்தில் அதை நிறைவேற்ற யாரும் இல்லை.

இதில் மார்க்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு என்று அல்லாஹ் கூறுகிறான் (4:32). மனைவியின் சம்பாத்தியம் மனைவியின் சொத்து. அவர் வேலைக்குப் போகச் சம்மதம் தருவதால் அந்த வருமானம் கணவருக்கு உரிமையாகிவிடாது. அதில் ஒரு ரூபாயையும் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவர் கொடுத்தாலன்றிக் கணவருக்குக் கிடையாது. மேற்சொன்ன 20,000 இன்னும் அந்த வீட்டாரின் மீது கடனாகவே நிற்கிறது. கணவர் சொன்ன “சரி” அதை அழிக்காது. இப்படித்தான் நாம் அந்த வழக்கில் சொன்னோம். பெரியவர் முதலில் கோபப்பட்டார். பிறகு இரண்டு தவணையாகக் கொடுத்து முடித்தார். அல்லாஹ் அவருக்கு பரகத் செய்வானாக.

சகோதரிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமை என்பது மண்டபத்தில் வாக்கிடாக்கியோடு நடப்பது மட்டும் இல்லை. பண்டாரி யாரிடம் கேட்க வேண்டும், வேன்காரர் யாருக்குப் போன் செய்ய வேண்டும், பணத்தைப் பற்றி வீட்டார் யாரிடம் பேச வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆண் வேலையாட்களை நேரடியாக மேய்க்கச் சங்கடமாக இருந்தால் தம்பியையோ கணவரையோ மேற்பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம். அவருக்கும் கூலியைப் பேசி நோட்டில் எழுதுங்கள். ஆனால் முடிவு உங்களிடம் இருக்கட்டும். “ராத்தா சொன்னாத்தான் அடுத்த தேக்சாவத் திறப்போம்” என்று பண்டாரி சொல்லும் மண்டபத்தில் சோறு வீணாவது குறைகிறது. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டால் 600 பேருக்கு 75 கிலோ. 450 பேர்தான் வந்தார்கள் என்றால் 150 பேரின் உணவு மிஞ்சும். வகீலாகச் செய்யும் கல்யாணத்தில் அந்த உணவும் வீட்டாருடையது. எத்தீம்கானாவுக்கா, மதரஸாவுக்கா, பக்கத்துத் தெருவுக்கா என்று முந்தின நாளே வீட்டாரிடம் கேட்டு, ஒரு வண்டியையும் சொல்லிவைத்தால், சூடு ஆறும் முன் போய்ச் சேரும். செல்வந்தரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா விருந்தை நபியவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கப் பதிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள். சமையலையும் சேர்த்து எடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். வகீலாக வேலை செய்யும்போது வீட்டாருக்காகப் பிறருக்குக் கொடுத்த பணத்தை எப்படிக் காட்டுவது என்பதற்குத் தனி விதி இருப்பதால் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். கணவரை இழந்தவர்களும் ஆதரவற்றவர்களும் தொழில் தொடங்க விரும்பினால், மாவட்டத்தில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தைப் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரிக்கலாம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைத்துக்கொள்ளும்படி குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) நமக்குக் கட்டளையிடுகிறது. அதற்காக நமது அறக்கட்டளையில் இரண்டு படிவங்கள் தயார் செய்திருக்கிறோம். வகீலாக வேலை செய்பவர்களுக்குப் பச்சைத் தாள், மொத்தக் காண்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு வெள்ளைத் தாள். கூலி, தவணைத் தேதிகள், கல்யாணம் நின்றால் என்ன செய்வது, மிஞ்சும் உணவு யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அலுவலகத்தில் தினமும் அஸருக்குப் பின் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. பணம் பெறுபவர் என்ற இடத்தில் தொழிலை நடத்தும் சகோதரியின் பெயரும் கையெழுத்தும்தான் வர வேண்டும். கணவர் கையெழுத்துப் போட விரும்பினால், அதற்குக் கீழே சாட்சி என்று ஒரு வரி விட்டிருக்கிறோம்.